அப்கிரேடு முடிந்தது, லேப்டாப் எழவில்லை

"தம்பி, அந்த ஹைபர்னேட் பட்டனையே காணோமே" என்று குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன ஆவணியில் கூப்பிட்டார். முந்தைய நாள்தான் அவர் லேப்டாப்பில் இருக்கும் உபுண்டு என்ற லினக்ஸை 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் கம்பத்துக்கு இறங்கியிருந்தேன். போய்ப் பட்டனைச் சரிசெய்தேன். மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடியும் போன். "நேத்து ராத்திரி ஹைபர்னேட் போட்டுத்தான் மூடினேன். இப்ப திறந்தா புதுசா ஸ்டார்ட் ஆகுது. போட்டு வச்ச எடைக் கணக்கு ஒண்ணுமே இல்ல."

ஏலக்காய் சீசனில் இது சின்ன விஷயம் இல்லை. எந்தத் தோட்டத்துக் காய் எத்தனை கிலோ, 8 மில்லிமீட்டர் எவ்வளவு, அதற்குக் கீழே எவ்வளவு, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று ஐந்தாறு கணக்குத் தாள்கள் திரையில் திறந்தபடியே இருக்கும். புற்றடியிலோ போடியிலோ நடக்கும் ஏலத்து விலை இன்னொரு பக்கம். மழைக்காலத்தில் ஒரு கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பின் பாட்டரியோ நாலு வருஷப் பழசு. இப்படிப்பட்ட இடத்தில் ஹைபர்னேட் என்பது வசதிக்கான சமாச்சாரம் இல்லை, தினமும் தேவைப்படுகிற ஒன்று.

மலைக்கடையில் லினக்ஸ் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த அண்ணனின் பெண் இடுக்கி மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவள். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்த திட்டம், 2017இல் கைட் என்ற நிறுவனமானது. பள்ளிகளுக்கு அவர்கள் தரும் லினக்ஸ், உபுண்டுவை வைத்துச் செய்ததுதான். வீட்டில் பிள்ளைக்குத் தெரிந்தது கடைக்கும் வந்துவிட்டது. எல்லைக்கு மேலே லினக்ஸ் லேப்டாப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. அதனால் அப்கிரேடு சமயத்தில் வரும் போன்களும் நிறைய.

ஹைபர்னேட் ஏன் அப்கிரேடில் இவ்வளவு எளிதாகக் கெடுகிறது என்று புரிய, அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சஸ்பெண்ட் போட்டால் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மற்றவை அணையும். பாட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. ஹைபர்னேட் போட்டால், மெமரியில் இருக்கும் அத்தனையையும் படம் பிடித்த மாதிரி மெமரி பத்தாதபோது உதவ டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் ஸ்வாப் பகுதியில் எழுதிவிட்டு, மெஷின் முழுசாக அணைந்துவிடும். பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து மாட்டினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் பவர் பட்டனை அழுத்தியதும் எழுவது நேற்றுத் தூங்கிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கிடையாது. முதலில் வழக்கம்போல் ஒரு புது கெர்னல்தான் ஏறும். அதற்கு நேற்று நடந்த எதுவும் தெரியாது. ஏலக்காய்க் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பூட்டியவர் மேஜை மேல் இருந்த அத்தனையையும் ஒரு பீரோவுக்குள் அதே வரிசையில் அடுக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். காலையில் கடை திறப்பவர் வேறு ஆள். எந்த பீரோ என்று அவர் கையில் ஒரு சீட்டு இருந்தால்தான் எடுத்துப் பரப்ப முடியும். சீட்டு இல்லையென்றால், அல்லது சீட்டில் பழைய பீரோவின் நம்பர் இருந்தால், அவர் வெறும் மேஜையில் புதுசாகக் கடையை ஆரம்பித்துவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

லினக்ஸில் அந்தச் சீட்டுதான் 'ரெஸ்யூம்' என்ற கெர்னல் வாசகம். ஸ்வாப் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதை யூயூஐடி என்ற அடையாள எண்ணாக அது சொல்லும். ஸ்வாப் தனிப் பார்ட்டிஷனாக இல்லாமல் ஒரு கோப்பாக இருந்தால், கூடவே 'ரெஸ்யூம் ஆஃப்செட்' என்று இன்னொரு எண்ணும் வேண்டும். அந்தப் பார்ட்டிஷனுக்குள் கோப்பு எத்தனையாவது பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்பது அது. உபுண்டு 17.04லிருந்து புது நிறுவல்களில் ஸ்வாப் கோப்புதான் வழக்கம். ஆகவே இன்றைக்குப் பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டு எண்களும் சரியாக இருந்தாக வேண்டும்.

ஏன் எண் வேண்டும், கோப்பின் பெயரைச் சொன்னால் போதாதா என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. கோப்பைப் பெயர் சொல்லித் திறக்க வேண்டுமானால் டிஸ்க்கை முதலில் மவுண்ட் செய்ய வேண்டும், அதாவது கோப்புகளைத் தொடும்படி இணைக்க வேண்டும். தூங்கும் கெர்னலோ அந்த டிஸ்க் நேற்றிருந்த நிலையிலேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு படுத்திருக்கிறது. இடையில் யாராவது மவுண்ட் செய்து ஒரு எழுத்தை மாற்றினாலும், எழுந்த பிறகு பழைய நினைவும் புது டிஸ்க்கும் முட்டிக்கொண்டு கோப்புகள் நாசமாகும். கெர்னலின் ஆவணமே இதைப் பெரிய எச்சரிக்கையாகச் சொல்கிறது. அதனால்தான் இந்த வேலை முழுவதும் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொடக்கப் பொதிக்குள் முடிகிறது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தூங்கப் போட்டுவிட்டு இன்னொன்றில் போய் அதே பார்ட்டிஷனைத் தொடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, பழுது பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். தூங்கவே மாட்டேன் என்கிறதா, தூங்கி எழும்போது புதுசாக ஆரம்பிக்கிறதா, இல்லை எழுந்தும் கறுப்புத் திரையாக நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் கண்ட கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்ப்பவர்கள் நல்லாயிருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அண்ணனின் முதல் போன் முதல் வகை. பட்டன் மறைந்ததற்கு அங்கே இரண்டு காரணங்கள் ஒன்றாக வந்திருந்தன. உபுண்டு 12.04 காலத்திலிருந்தே ஹைபர்னேட் மெனுவில் தானாகத் தெரியாது, நாம்தான் இயக்க வேண்டும். நான் உபுண்டுவின் திரைச் சூழலான க்னோமுக்கு எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டு அதைக் கொண்டுவந்திருந்தேன். 22.04இல் இருந்தது க்னோம் 42, 24.04இல் க்னோம் 46. நடுவில் 45ஆம் பதிப்பில் எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள். பழைய எக்ஸ்டென்ஷன்கள் புதுப்பிக்கும் வரை ஓடாது. இன்னொன்று அனுமதி. சாதாரணப் பயனர் ஹைபர்னேட் போடலாம் என்று அனுமதிகளைக் கவனிக்கும் பால்கிட்டுக்குச் சொல்ல, முன்பு பிகேஎல்ஏ என்ற வகையில் ஒரு சின்னக் கோப்பு எழுதி வைப்போம். 24.04இல் வரும் புது பால்கிட், அதற்கென்று உள்ள தனிப் பொதி இல்லையென்றால் அந்த வகையைப் படிக்காது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய 'ரூல்ஸ்' கோப்பைத்தான் கேட்கிறது. டெபியன் என்ற லினக்ஸில் 12ஆம் பதிப்புக்கு ஏறியவர்களும் இதில் மாட்டினார்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது, யாரும் அதைத் திறந்து படிப்பதில்லை, அவ்வளவுதான்.

பட்டன் இல்லையென்றால் ஹைபர்னேட்டே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டெர்மினலில் ரூட் அனுமதியோடு 'சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்' என்று அடித்துப் பாருங்கள். தூங்கினால் கோளாறு பட்டனிலும் அனுமதியிலும் மட்டும்தான். மறுத்தால் எதற்கு மறுக்கிறது என்று ஒரு வரி சொல்லும். அந்த வரியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்த வரி ஸ்வாப் போதாது என்று சொன்னால், ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மெஷினின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இதை நிலையான அளவாகப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் நிரல்கள் உண்மையாகப் பிடித்து வைத்திருக்கும் மெமரி, காலியாக உள்ள ஸ்வாப்பில் 98 சதவீதத்துக்குள் அடங்குமா என்று பார்க்கிறது. அதனால்தான் காலையில் தூங்கும் மெஷின் சாயங்காலம் பிரவுசரில் முப்பது பக்கம் திறந்திருக்கும்போது மறுக்கிறது. "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கிறது. எழுதும் படத்தை மொத்த மெமரியில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்க கெர்னல் முயலும். 8 ஜிபிக்கு 3 ஜிபி சொச்சம். ஆனால் அதை நம்பி ஸ்வாப்பைச் சுருக்க வேண்டாம். மெமரி அளவுக்குச் சமமாக, முடிந்தால் கொஞ்சம் கூடுதலாக வைப்பதுதான் என் வழக்கம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல். ஃபெடோரா 33லிருந்து ஸ்வாப் என்பது இயல்பாகவே ஜிராம், அதாவது மெமரிக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இடம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஹைபர்னேட் வேண்டுமென்றால் டிஸ்க்கில் தனியாக ஒரு ஸ்வாப் வைத்தே ஆக வேண்டும்.

அந்த வரி கெர்னல் ஆதரிக்கவில்லை என்று சொன்னால், உடனே செக்யூர் பூட்டை, அதாவது கையெழுத்துள்ள கெர்னலை மட்டும் ஏற்றவிடும் காவலைப் பாருங்கள். கம்பத்தில் ஒரு நண்பரின் லேப்டாப்பில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். அப்கிரேடோடு பயாஸையும் புதுப்பித்திருந்தார். அது செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்துவிட்டது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் உபுண்டு கெர்னல் லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு நிலைக்குப் போகும். அந்த வசதி 2019இல், 5.4 கெர்னலில் சேர்ந்தது. லாக்டவுனில் ஹைபர்னேட் கிடையாது. 'சிஸ் பவர் டிஸ்க்' கோப்பைத் திறந்தால் 'டிசேபிள்டு' என்று ஒற்றை வார்த்தை இருக்கும். இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஸ்வாப்பில் கிடக்கும் அந்தப் படத்துக்குக் கையெழுத்து எதுவும் இல்லை. மெஷின் தூங்கும்போது யாராவது டிஸ்க்கைக் கழற்றி அதில் கை வைத்தால், காலையில் கெர்னலே அவர்கள் கைக்குப் போய்விடும். கையெழுத்துப் பார்த்துப் பார்த்து கெர்னலை ஏற்றிவிட்டு, இந்தப் பின்கதவை மட்டும் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. கடையை விட்டு வெளியே போகாத மெஷின் என்றால் செக்யூர் பூட்டை அணைத்துக்கொள்ளச் சொல்வேன். பஸ்ஸிலும் ரயிலிலும் கூட வரும், மற்றவர்களின் விவரம் இருக்கும் லேப்டாப் என்றால் ஹைபர்னேட்டை விட்டுவிடுங்கள் என்பேன்.

இனி அண்ணனின் இரண்டாவது போனுக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பத்தரைக்குக் கடையில் இருந்தேன். வெளியே தூறல், உள்ளே காய் தரம் பிரிக்கிற அக்காமார்கள் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முந்தைய ஓட்டத்தின் பதிவை ஜர்னல்சிடிஎல்லில் திறந்தேன். ராத்திரி 9:40க்குக் கடைசி வரி: ஹைபர்னேஷன் தொடங்குகிறது. அதோடு பதிவு நிற்கிறது. பிழை எதுவும் இல்லை. அதாவது பூட்டியவர் ஒழுங்காகப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். காலைப் பதிவில் வேறு கதை. கெர்னல் சீட்டில் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறது, அங்கே படம் இல்லை, சாதாரணமாகத் தொடர்ந்துவிட்டது.

ஸ்வாப்பின் தொடக்கத்தில் ஒரு அடையாளச் சொல் இருக்கும். படம் எழுதியதும் கெர்னல் அதை மாற்றி, உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று குறித்து வைக்கும். காலையில் வரும் கெர்னல் தேடுவது அந்தக் குறியைத்தான். தப்பான இடத்தில் தேடினால் குறி இருக்காது. புதுசாக எழுந்த மெஷின் அப்புறம் ஸ்வாப்பை ஆன் செய்யும்போது, உண்மையான இடத்தில் இருக்கும் அந்தக் குறியைப் பார்த்து, இது பழைய தூக்கம் என்று அழித்துவிட்டுச் சாதாரண ஸ்வாப்பாக்கிவிடும். அந்த எடைக் கணக்கு அப்படித்தான் போனது. ஒரு தடவை தவறவிட்டால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

சீட்டு ஏன் தப்பானது? அப்கிரேடுக்கு டிஸ்க்கில் இடம் பத்தவில்லை. ஸ்வாப் கோப்பை அழித்து இடம் பண்ணிக்கொண்டு, முடிந்த பிறகு அதே பெயரில், அதே 8 ஜிபி அளவில் திரும்ப உருவாக்கினேன். பெயர் ஒன்று, அளவு ஒன்று. ஆனால் டிஸ்க்கில் அது உட்கார்ந்த இடம் வேறு. கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று காட்டும் 'ஃபைல்ஃப்ராக்' கட்டளையை விரிவான பட்டியலோடு ஓட்டினேன். முதல் வரிசையில், இயற்பியல் இடம் என்ற பத்தியில் வரும் முதல் எண்தான் வேண்டியது. கெர்னலை ஏற்றிவிடும் க்ரப்பில் இருந்தது 34816. திரையில் வந்தது ஏழு இலக்க எண். அந்த ஒரு எண்ணுக்காக ஒரு நாள் கணக்கு போயிருந்தது. அது முழுக்க என் கவனக்குறைவு என்று அண்ணனிடம் சொன்னேன். அன்று மத்தியானம் வரை பில் புத்தகத்தை வைத்து அவரோடு உட்கார்ந்து கணக்கைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

சரிசெய்வது சிறிய வேலைதான். க்ரப் அமைப்புக் கோப்பில் புது எண்ணை எழுதி, 'அப்டேட் க்ரப்' ஓட்டி, ஒரு தடவை முழுசாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் உள்ள டிஸ்க்காக இருந்தால் ஃபைல்ஃப்ராக் தரும் எண் உதவாது, அதற்கு பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்தக் கட்டளை இருக்கிறது. ஸ்வாப் தனிப் பார்ட்டிஷன் என்றால் பிரச்சினை யூயூஐடியில் இருக்கும். ஸ்வாப்பை உருவாக்கும் 'எம்கேஸ்வாப்' ஒரு தடவை ஓடினாலே புது எண் வந்துவிடும். அப்போது டிஸ்க் பட்டியலான எஃப்எஸ்டேப், ரெஸ்யூம் கோப்பு, க்ரப் மூன்றிலும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் திரும்பக் கட்ட வேண்டும். கட்டும்போது எந்த ஸ்வாப்பிலிருந்து எழப் போகிறேன் என்றோ, நீங்கள் சொன்ன ஸ்வாப் கிடைக்கவில்லை என்றோ அதுவே ஒரு வரி அச்சிடும். வேகமாக ஓடிப்போகிற அந்த வரியை எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

ஸ்வாப்பைத் தொடாதவர்களுக்கும் சீட்டு தொலையலாம். அப்கிரேடு நடுவில் ஒரு கேள்வி வரும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதுசைப் போடட்டுமா, உங்களுடையதையே வைக்கட்டுமா? அலுப்பில் புதுசு என்று அழுத்தினால் க்ரப்பில் நாம் எழுதிய ரெஸ்யூம் வரி போய்விடும். அந்தக் கேள்வி வந்தால் வித்தியாசத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதிய சிஸ்டம்டி பதிப்புகளில் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. தூங்கும் முன் படம் எங்கே இருக்கிறது என்பதை மதர்போர்டின் யூஇஎஃப்ஐ நினைவிலேயே எழுதி வைக்கிறது. க்ரப்பில் யாரும் எண் எழுத வேண்டாம். ஆனால் காலையில் ஏறும் தொடக்கப் பொதிக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 24.04இல் இருக்கும் பழைய வகைப் பொதி அதைப் பார்ப்பதில்லை. உபுண்டு 25.10இல் ட்ராகட் என்ற வேறு கருவிக்கு மாறிவிட்டார்கள். பழைய கருவிக்கென்று எழுதி வைத்த ரெஸ்யூம் கோப்பை ட்ராகட் படிக்காது. ஆகவே அந்தப் பக்கம் ஏறுகிறவர்கள் எழுப்பும் வேலைக்கான பாகம் பொதிக்குள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகையான கறுப்புத் திரை பெரும்பாலும் டிரைவர் சமாச்சாரம். என்விடியா கார்டு இருந்தால் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். வீடியோ மெமரியைப் பாதுகாக்கும் அமைப்பும், என்விடியாவின் ஹைபர்னேட், ரெஸ்யூம் சர்வீஸ்கள் இரண்டும் அப்கிரேடுக்குப் பிறகும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். மற்றவற்றுக்குக் கெர்னலிலேயே ஒரு ஒத்திகை முறை இருக்கிறது. 'பிஎம் டெஸ்ட்' கோப்பில் 'டிவைசஸ்' என்று எழுதிவிட்டு ஹைபர்னேட் போட்டால், உண்மையில் அணையாமல் சாதனங்களைத் தூங்க வைத்து ஐந்து விநாடி நின்று திரும்பிவிடும். அதிலேயே மாட்டிக்கொண்டால் எந்த டிரைவர் என்பது பதிவில் தெரியும். பழைய கெர்னல் டிஸ்க்கில் இன்னும் இருந்தால் க்ரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை முயலுங்கள். அதில் எழுந்தால் கோளாறு புது கெர்னலில் என்று பாதி தூரம் வந்துவிட்டோம்.

அண்ணன் கடையில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போனால் லேப்டாப் தானாகவே தூங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது யூபவர். வழக்கமாக பாட்டரி 2 சதவீதத்துக்கு வந்ததும் அது செயல்படும். பழைய பாட்டரிக்கு 2 சதவீதம் என்பது வெறும் எண், அடுத்த நிமிஷம் செத்துவிடும். 3 ஜிபி படத்தைச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் எழுத அரை நிமிஷத்துக்கு மேலும் ஆகும். ஹைபர்னேட் முடியாது என்று யூபவர் கண்டால் மெஷினை நேராக அணைத்துவிடும் என்பதால், மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகுதான் இதைத் தொட வேண்டும். 2ஐ 10 ஆக்கினேன், மாறவில்லை. கோப்பைத் திரும்பப் படித்தபோது விளங்கியது. குறைவு, ஆபத்து, செயல் என்ற மூன்று அளவுகளும் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். ஆபத்து 5 சதவீதத்திலேயே இருக்க, செயலை மட்டும் 10க்கு ஏற்றினால் மூன்றையும் ஒதுக்கிவிட்டுத் தன் பழைய எண்களுக்கே போய்விடும். 25, 15, 10 என்று மாற்றினேன்.

பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கணக்குத் தாளில் ஒரு வரியைச் சேமிக்காமல் விட்டு, மூவரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். 10க்கு வந்ததும் திரை அணைந்தது, டிஸ்க் விளக்கு மட்டும் படபடவென்று அடித்து நின்றது. பாட்டரியையே கழற்றி மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாட்டி, சார்ஜரையும் செருகி, பட்டனை அழுத்தினேன். உபுண்டு முத்திரை வந்தது, அப்புறம் பூட்டுத் திரை. அந்தப் பெண் பாஸ்வேர்டு அடித்தாள். சேமிக்காத அந்த வரியில், 42 கிலோ என்று அவள் அப்பா அடித்த இடத்தில், கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.